இலைகளின் மையவாடி

வற்றிப்போகும் ஓடையில் இலை எப்படி அழுகுகிறது என்று பார்ப்பதற்காக வருடக்கணக்கில் மலை ஏறி இறங்கிய பெண் நான். இதைச் சொன்னால் இன்றும் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே, நாற்பதைத் தாண்டிய வயதில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் புற்றுநோய், மருந்து என்று பெரிய விஷயங்களை எடுத்தார்கள். எனக்கு வாய்த்தது அம்பிட்டியவுக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு சிற்றோடை. மழைக்காலத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். மாசி மாதத்தில் அதன் நடுவில் பாய் விரித்துப் படுக்கலாம்.

தண்ணீரில் விழுந்த இலைக்கு என்ன நடக்கும் என்பதை என் மாணவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். முதலில் சாயம் இறங்கும், தேத்தண்ணி போல. பிறகு கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் இலைக்குள் குடியேறி அதை மிருதுவாக்கும். மிருதுவான இலையைத்தான் சின்னப் புழுக்களும் நண்டுகளும் விரும்பித் தின்னும். கடைசியில் நரம்பு மிஞ்சும், அதுவும் ஒரு நாள் போய்விடும். ஓடை வற்றினால் இந்த வேலை எல்லாம் பாதியில் நின்றுவிடும். பூஞ்சணம் அடங்கிப்போகும். புழுக்கள் சாகும், அல்லது கல்லுக்கு அடியில் ஈரம் தேடி ஒளியும். பாதி தின்ற இலை அப்படியே காய்ந்து கிடக்கும். திரும்பத் தண்ணீர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடங்குமா, அல்லது அதிக காலம் காய்ந்த இலை பழைய வேகத்தை மறந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி. கேட்பதற்குச் சின்னக் கேள்வி. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கேள்வி அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

என் கணவருக்குக் கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை. வாளி, கயிறு, ஆணி, கொசுவைத் தடுக்கும் நுளம்பு வலை எல்லாம் அங்கே கிடைக்கும். அந்த நுளம்பு வலையை வெட்டி, பை பையாகத் தைத்து, நிறுத்து வைத்த பலா இலைகளை உள்ளே போட்டு வாயைக் கட்டுவோம். பிறகு ஓடைக்குக் கொண்டுபோய் வேரிலும் கல்லிலும் கட்டி வைத்துவிட்டு, இடைக்கிடை சிலவற்றை எடுத்து வந்து இலை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தையல் வேலை முழுவதும் அவருடையது. எனக்கு ஊசி சரிவராது. கடையில் ஆள் இல்லாத நேரம் கதிரையில் சாய்ந்துகொண்டு தைப்பார்.

வலை வெள்ளை நிறம். முதல் பையைத் தைத்து முடித்ததும் தூக்கிப் பிடித்து, "எலைக்கும் கபன் தைக்க வெச்சிட்டீங்களே டீச்சர்" என்றார். கபன் என்றால் மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, சுற்றும் வெள்ளைத் துணி. பைகளை ஓடையில் வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாளக் கல் நட்ட அன்று அவருடைய குறும்பு இன்னும் ஒரு படி ஏறியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"இது ஓட இல்ல, மையவாடி" என்றார்.

எங்களில் மௌத்தானவர்களை அடக்கும் இடத்துக்கு மையவாடி என்று பெயர். "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க ஏலாதா?" என்று ஏசினேன். ஏசினால் நிறுத்துகிற ஆளா அவர்? அன்றிலிருந்து ஓடைக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் இருக்கவில்லை. "டீச்சர், இண்டைக்கு மையவாடிக்குப் போற நாளா?" என்று காலையில் கேட்பார். கொஞ்ச நாளில் நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன். அண்ணனை நானா என்று கூப்பிடும் அவருடைய தம்பி ஓட்டோ ஓட்டுபவர். எங்களைப் பல தடவை அவர்தான் ஏற்றிக்கொண்டு போய் மலையடியில் இறக்கியிருக்கிறார். அவருக்கும் இந்தப் பெயர் தெரியும். கேட்டுச் சிரித்திருக்கிறார்.

பெண் தனியாக அந்தச் சரிவில் ஏறுவதை ஒருவரும் விரும்ப மாட்டார்கள் என்பதால் என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வருவார். வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து, நான் முழங்கால் தண்ணீரில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அட்டை கடித்தால் எனக்கு முன்னால் அவர் துள்ளுவார். படிப்பு என் ஆசை என்றாலும், நான் விட்டுவிடப் பார்த்த ஒவ்வொரு தடவையும் பிடித்துத் தள்ளியவர் அவர்தான். "தொடங்கினத முடிங்க, பொறகு ஒங்கட இஷ்டம்" என்பார். அவ்வளவுதான் அவருடைய புத்திமதி.

இரண்டாவது வருடம்தான் முக்கியமானது. தையில் ஓடை மெலிந்து குட்டை குட்டையாகப் பிரிந்தது. மேல் பகுதி முதலில் வற்றியது. அங்கே கிடந்த பைகள்தான் என் ஆய்வின் உயிர். அவை வெயிலில் காய்ந்து, முதல் மழையில் திரும்ப நனைய வேண்டும். அந்த இரண்டையும் தாண்டிய இலைதான் எனக்குப் பதில் சொல்லும். காய்கிற காலத்தில் மேலே பாரம் இருக்கக் கூடாது, வெயிலும் காற்றும் இலைக்குப் பட வேண்டும். மழை வரும் அறிகுறி தெரிந்ததும் பைகளின் மேல் கனமான கல் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வெள்ளம் எல்லாவற்றையும் மகாவலி ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். இன்னொரு பயமும் இருந்தது. ஓடை வற்றினால் பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கழிவுநீர்க் கான் என்று நினைத்து, டெங்குவுக்குப் பயந்து சருகை எல்லாம் அள்ளிக் கொளுத்திவிடுவார்கள். அதனால் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியாகப் போன அன்று அவர் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் கடையில் கதிரையில் இருந்தபடியே அவர் மௌத்தானார். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன மனிதர். அன்றே பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். எங்களுடைய பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை, அடக்கிய கபுறைப் பார்ப்பதும் இல்லை. வாசல் வரை வந்து பார்த்தேன். மையம் வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனையில் திரும்பினார்கள். அதோடு சரி.

பிறகு இத்தா. கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கும் மேலாக வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியர்தான். எனக்கு அதில் குறை இல்லை. வெளியே போய் யாருடைய முகத்தைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அழுகை வரவில்லை. கண் எரியும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. என்னோடு துணைக்கு வந்து தங்கிய தாத்தாவுக்கு, எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா, இது பெரிய கவலை. "அழுதிருங்க தங்கச்சி, உள்ளுக்கு வெச்சிருந்தா நோயாப் போகும்" என்பா. அழுவது என்ன, குழாயைத் திறக்கிற வேலையா? எனக்குக் கோபம்தான் வந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் என் மனம் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பைகளை மட்டும்தான். என் ஆய்வு மேற்பார்வையாளர் வெளிநாட்டில் இருந்து பேசி, விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்த வருடம் யார் தைப்பது? யார் கட்டுவது? என் கணவரின் கை கட்டிய முடிச்சுகள் அந்தக் காய்ந்த ஓடையில் வெயிலில் கிடந்தன. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த இலைகள் பத்திரமாக என் கைக்கு வர வேண்டும் என்பதைத் தவிர நான் வேறொன்றும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் குர்ஆன் ஓதிக் கத்தம் கொடுத்த அன்று வீடு நிறைய ஆட்கள். கணவரின் தம்பி திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ஏதும் தேவையா என்று கேட்டார். என்னைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புருஷனை அடக்கி ஒரு வாரம் ஆகவில்லை, இவள் ஆற்றில் போட்ட இலையைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஊர் முழுக்கக் கதை போய்விடும். அதனால் ஓடையின் வீட்டுப் பெயரிலேயே சுருக்கமாகச் சொன்னேன்.

"தம்பி, மையவாடில எலை ஒண்டையும் யாரையும் அள்ள விடாதீங்க. மழ வரப் போகுதெண்டா மேல கல்லு வெச்சிருங்க."

திரைக்கு அப்பால் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மதினி, நான் பாத்துக்கிறேன்" என்றார். குரல் உடைந்துபோய் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்களில் இரண்டு மூன்று பேர் விம்மினார்கள். ஒரு பெண் என் தலையைத் தடவிவிட்டார். துக்க வீட்டில் எதற்குத்தான் அழ மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து, பின்னேரம் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நிற்பார். "மையவாடிக்குப் போய்ட்டுத்தான் வாறேன்" என்பார். நான் கேள்விகளை அடுக்குவேன்.

"எலை எப்படி ஈக்கு?"

"மேல உள்ளது அப்படியே ஈக்கு மதினி. சருகா ஈக்கு."

"ஓட்ட விழுந்திருக்கா?"

"மேல உள்ளதுல இல்ல. அடியில உள்ளதுல கொஞ்சம் ஈக்கு."

"கருத்திருக்கா?"

"மண்ணு படுற பக்கம் கருத்து ஈக்கு. மத்தப் பக்கம் சும்மா காஞ்சி போய் ஈக்கு."

ஓட்டோ ஓட்டுகிற மனிதர் இவ்வளவு பொறுமையாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். கெலிஓயாவில் இருந்து அம்பிட்டியவுக்கு, கண்டி நகர நெரிசலைத் தாண்டி, வாராவாரம் போகிறாரே என்று மனம் நெகிழ்ந்தது. அவர் போன பிறகு நான் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசிப்பேன். அடியில் ஈரம் பிடித்த இடத்தில் பூஞ்சணம் இன்னும் வேலை செய்கிறது, மேலே எல்லாம் நின்றுவிட்டது. நான் எதிர்பார்த்தபடியேதான் நடக்கிறது. அந்த யோசனை வரும் நேரம் மட்டும் எனக்கு மனப் பாரம் கொஞ்சம் குறையும்.

நோன்பு வருவதற்கு முன்னால் ஒரு நாள், அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து, "ஒங்கட கொழுந்தன் மையவாடில எலைய அள்ள விடாம சண்ட பிடிச்சாராமே" என்றாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓடைக்கரையில் இருக்கிற சிங்களக் குடும்பங்களோடு தகராறு பட்டிருக்கிறார் போல, அது எங்கள் வீட்டுப் பெயரோடேயே கெலிஓயா வரைக்கும் வந்துவிட்டதே என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அடுத்த வெள்ளி அவர் வந்தபோது, "பெரிய உதவி தம்பி, ஆனா யாரோடயும் கோவிச்சிக்க வேணாம்" என்றேன். "நீங்க சென்னா சென்னதுதான் மதினி" என்றார்.

சித்திரையில் ஒரு பின்னேரம் வானம் இருண்டது. அன்று வந்த இடியைக் கேட்டவுடனே இது சும்மா போகாது என்று தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்தேன். வற்றிய ஓடையின் முதல் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். கறுப்பாக, நுரையோடு, மாதக்கணக்கில் சேர்ந்த சருகை எல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அந்தச் சாயத் தண்ணீரில் மீன்கூட மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். தாத்தாவிடம் போனைக் கொடுத்து, தம்பியிடம் சொல்லும்படி, "மையவாடிக்குப் போய் கல்லு வெக்கச் செல்லுங்க, இப்பவே போகச் செல்லுங்க" என்றேன். தாத்தா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பிறகு எடுத்துச் சொன்னா. அன்று பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்தில் தம்பி தெப்பமாக நனைந்து வந்து, வாசலில் நின்றே, "வெச்சிட்டேன் மதினி, ஒண்டும் போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு காய்ச்சலில் விழுந்துவிட்டார். அந்த ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். இத்தாவில் அப்படித் தூங்கியது அந்த ஒரு தடவைதான்.

இத்தா முடிந்து முதல் தடவையாக நான் வெளியே போனது ஓடைக்குத்தான். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் துணைக்கு வந்தா. தம்பிதான் ஓட்டோவை ஓட்டினார். "எங்க போறது மதினி?" என்று கேட்டார். "அம்பிட்டியவுக்கு" என்றதும், அங்கே எனக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று எண்ணி ஒன்றும் கேட்காமல் ஓட்டினார். பைகளைப் போட்டு எடுத்து வர இரண்டு பெரிய வாளிகள் கொண்டுபோயிருந்தேன்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. தூரத்தில் இருந்தே தண்ணீரின் சத்தம் கேட்டது. ஏறி மேல் பகுதிக்குப் போனேன், தாத்தாவும் தம்பியும் பின்னால் வந்தார்கள். அங்கே ஒரு பைகூட இருக்கவில்லை. ஒரு வேரில் நைலோன் கயிறு நார் நாராகப் பிரிந்து ஆடியது. அடையாளக் கற்களும் இல்லை. ஓடை, எதுவுமே நடக்காதது போல, தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"கல்ல எங்க வெச்சீங்க?" என்று திரும்பிக் கேட்டேன்.

"எங்க மதினி?"

"பைகளுக்கு மேல. கல்லு வெச்சேண்டு சென்னீங்களே."

"என்ன பை?" என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வாயில் வந்தபடி ஏசினேன். வாராவாரம் வந்து பொய் சொன்னீங்களா, பார்க்காத இலையைப் பார்த்ததாகக் கதை சொன்னீங்களா, நாலு மாதமாக என்னை ஏமாற்றினீங்களா என்று கேட்டேன். தாத்தா என் கையைப் பிடித்து இழுத்தா. நான் உதறினேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்திய பிறகுதான் பேசினார்.

"நான் பொய் செல்லல்ல மதினி. மையவாடிண்டு தானே சென்னீங்க. நானாட கபுறுக்கு மேல விழுற எலைய அள்ள வேணாண்டு செல்றீங்கண்டுதான் எனக்கு வெளங்கிச்சி. மேல மகோகனி மரம் ஈக்கு, ஒரே கொட்டும். நோன்புக்கு முந்தி சிரமதானம் செய்ய வந்தவங்க எல்லாக் கபுறையும் கூட்டினாங்க. நானாடத மட்டும் நான் விடல்ல. மழைக்குக் கல்லும் வெச்சேன்."

நான் வாளிகளைக் கீழே வைத்தேன்.  அவர் ஓடையைப் பார்த்தார். பழைய மையவாடிப் பகிடி அப்போதுதான் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் மாறிப்போனது.

"நீங்க எலையப் பத்திக் கேக்கக் கேக்க, வர ஏலாதவங்க, அதால இப்படிக் கேக்கிறாங்கண்டு நெனச்சேன்" என்றார். "அதுக்காகத்தான் குனிஞ்சி, பொரட்டிப் பாத்திட்டு வந்து சென்னேன்."

அடியில் உள்ள இலையில் ஓட்டை இருந்தது. மண் படுகிற பக்கம் கறுத்திருந்தது. மேலே உள்ளது அப்படியே இருந்தது. நான் கட்டிலில் படுத்து, என் ஆய்வு சரியாகப் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது முழுவதும் என் கணவரின் மேல் கிடந்த இலைகளை வைத்து. அந்தக் கருமை அவருக்கு மேலே இருந்த மண்ணின் ஈரத்தில் வந்த கருமை. என் கணவர் வழக்கமாக உட்காருகிற கல்லில் உட்கார்ந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் போட்டே அழுதேன். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் தடுக்காமல் இருந்தா. தம்பி கொஞ்சம் தள்ளி நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வருட ஆய்வு அதோடு போய்விட்டது. பட்டம் என்ன ஆகும் என்பதும் அப்போது தெரியாது. அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு, அந்த மனிதர் ஊரோடு பிடித்த சண்டை ஞாபகம் வந்தது. என் பேச்சை நம்பி, பள்ளிவாசல் ஆட்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கபுறை மட்டும் சருகு மூடிக் கிடக்க விட்டிருக்கிறார். ஊர் என்ன நினைத்திருக்கும்? எல்லாக் கபுறும் சுத்தமாக இருக்க, இவருடையது மட்டும் ஆள் இல்லாத கபுறு போலக் கிடந்திருக்கும்.

"இனி அள்ளச் செல்லுங்க தம்பி" என்றேன். "மத்தக் கபுறு மாதிரி அதையும் கூட்டி வெக்கச் செல்லுங்க."

 அவர் வெறும் வாளிகள் இரண்டையும் குனிந்து எடுத்தார்.

"மழைக்குப் பொறகு எல்லாம் மண்ணோட மண்ணாப் போச்சி மதினி" என்றார். "இனி அள்ள ஒண்டும் இல்ல."